ஜட்ஜய்யாவின் சொந்தக் குரல்

என் அக்காள் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகச் சினிமாவில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே டாக்டர், கதாநாயகியின் அப்பா, ஒன்றிரண்டு முறை பிணம். தெருவில் எல்லாருக்கும் அவர் ஜட்ஜய்யா. எனக்கு அத்தான். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். வாயைத் திறந்தால் கீச்சென்று ஒரு குரல் வரும். போனை எடுத்தால், "அம்மா, சார் இருக்காரா?" என்பார்கள். "இதோ கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் சும்மா நின்று, மறுபடி அதே குரலில் பேசுவார். கூத்துதான் போங்கள்.

அதனால் எந்தப் படத்திலும் அவர் குரல் கிடையாது. படமெடுக்கும்போது வசனத்தை அவர்தான் பேசுவார். பிறகு டப்பிங் தியேட்டரில் குரல்காரர் ஒருத்தர், அந்த உதட்டசைவுக்கு ஏற்றபடி கணீரென்று பேசி ஒட்டிவிடுவார். அத்தானுக்கு அதில் வருத்தமே இல்லை. "மூஞ்சி என்னுது, சத்தம் அவருது, தீர்ப்பு டைரக்டருது" என்று சிரிப்பார்.

அக்காளுக்குச் சர்க்கரை நோயில் கண் போன பிறகுதான் வந்தது வினை. பார்வை போயும் அவளுக்குச் சினிமா கொட்டகை பிடித்தே இருந்தது. இருட்டில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்பது கனவு மாதிரி இருக்கிறது என்பாள். மழையும் ரயிலும் யாரோ நடந்து போவதும் தலைக்குள்ளேயே நடக்கிறதாம். ஆனால் ஒருநாள் அத்தான் நடித்த படத்தில் பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"அந்த மனுஷன் வில்லனுக்கும் பேசறாரு, உங்களுக்கும் பேசறாரு. இதுல உங்களை நான் எங்கன்னு தேடறது? இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

அத்தான் அன்று சாப்பிடவில்லை. நானாவது சும்மா இருந்தேனா? "பொண்டாட்டிக்குத் தெரியாத நடிப்பு என்ன நடிப்பு, அத்தான்?" என்று என் பங்குக்கு ஒரு குத்து குத்தினேன்.

அடுத்த படத்துக்கும் நீதிபதி வேஷம்தான் வந்தது. சொந்தக் குரலில் பேசுகிறேன் என்றார். டைரக்டர் சிரித்துவிட்டார்.

"சார், நீங்க தூக்குத் தண்டனைன்னு சொன்னா ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அத்தான் நீதிபதி வேஷத்தை விட்டுக்கொடுத்தார். அதே படத்தில், ரயில் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கும் கிழவர் வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரே காட்சி. "பேசிப் பாருங்க. சரியா வரலன்னா இவரே பேசிடுவாரு" என்று டைரக்டர் குரல்காரரைக் காட்டினார்.

டப்பிங்குக்கு நான்தான் துணைக்குப் போனேன். விளக்கை அணைத்தார்கள். திரையில் அத்தானின் பெரிய முகம் ஊமையாக வாயசைத்தது. தன் உதட்டையே அவரால் பிடிக்க முடியவில்லை. முகம் பேசி முடித்த பிறகு இவர் தொடங்குவார், இல்லையென்றால் முந்திக்கொள்வார். வியர்த்து ஊற்றியது. கடைசியில் குரல்காரர் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

"இத்தனை வருஷமா உங்க உதட்டையே பாத்துக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டி மூஞ்சியக்கூட இவ்வளவு பாத்ததில்ல. நான் தோளைத் தட்டும்போது பேசுங்க."

தட்டினார், பேசினார், ஒட்டியது. ஆனால் டைரக்டர், "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எந்தக் குரலை வைப்பார்கள் என்று படம் வரும்வரை தெரியாது. அத்தான் தூக்கத்தில்கூட வாயசைத்தார்.

படம் வந்ததும் ஏதேதோ சாக்குச் சொல்லி அக்காளைக் கூட்டிப்போனோம். குரலைப் பற்றி மூச்சு விடவில்லை. நடுவில் அவள், ஒருபுறம் நான், மறுபுறம் அவர். திரையில் மழை பெய்ய ஆரம்பித்தது. கொட்டகை முழுவதும் நீல வெளிச்சம். அக்காள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கிழவர் நடைமேடை ஓரத்துக்கு வந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"மழை விட்டுடுச்சு. கிளம்பலாமா?"

கீச்சென்ற அதே குரல்.

அக்காள் அவர் பக்கம் திரும்பினாள். "இருங்க, படம் முடியட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்?"

திரையில் கிழவர் பேசிக்கொண்டே போனார். "சொன்னாக் கேக்க மாட்டீங்களா?" என்று அக்காள் கையை நீட்டி அத்தானின் வாயைப் பொத்தினாள். உதடுகள் மூடியிருந்தன. குரல் நிற்கவில்லை.

அந்தக் காட்சி முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.