வசந்தாமணி வண்டியை நிறுத்துகிறார்

எல்லோர் கையிலும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் திணித்த பிறகுதான் வசந்தாமணி ஏறி உட்காருகிறார். வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடியில் பின்சீட்டுகளைப் பார்க்கிறார். "ரெண்டு மடக்காச்சும் குடிச்சுப் போடுங்கக்கா. இல்லாட்டி வண்டி நவுராதுங்க."

காங்கயத்துக்காரர். அறுபதை நெருங்குகிறார். பிள்ளைகள் ஆபீஸ் போனபின் டெக்சாஸின் பிளானோ நகர வீடுகளில் தனியாக இருக்கும் எங்களைப் போன்ற பெண்களைக் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் டாக்டரிடமும் கூட்டிப்போவது அவர் தொழில். ஆள் குட்டை, சீட்டில் தலையணை போட்டு ஓட்டுவார். டோல்வேயில் யாராவது முந்தினால், "போகட்டும், அவனுக்கென்ன அவசரமோ" என்று சொல்லிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதிப்பார்.

வெளியே கிளம்பும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது ஊரில் பஸ் ஏறி எங்களுக்குப் பழகிப்போனது. அங்கே பாத்ரூம் இருக்காது. டெக்சாஸில் ஹைவேயை விட்டு இறங்கும் எக்ஸிட்டுக்கு எக்ஸிட் இருக்கிறது. ஆண்கள் முன்னால் கேட்கத்தான் நாக்கு எழுவதில்லை. நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். அடக்கி வைத்தால் கிருமி சேரும், காய்ச்சல் வரும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ஜெபராணிக்கு அதுதான் வந்தது. நாகர்கோவிலிலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர், ஜூலை வெயிலில் சர்ச் பிக்னிக் முழுவதும் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். எழுந்ததும், இனி வாசல் தாண்டுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஹூஸ்டனில் பாட்டு விழா வந்தது. எங்கள் சர்ச் கொயரில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாட அவரை விட்டால் ஆளில்லை. வசந்தாமணி அவர் வீட்டுக்கே போய் நின்றார்.

"நீங்க பாடுங்கக்கா. வண்டிய நிறுத்தறது என்ற பொறுப்பு."

ஹூஸ்டன் போகும் வழியெல்லாம் நிறுத்தினார், யாரும் கேட்பதற்கு முன்பே. "எனக்கு அவசரமுங்க" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு இறங்குவார். துணைக்குப் போவதுபோல நாங்களும் இறங்குவோம். நாங்கள் பாத்ரூமிலிருந்து வரும்போது அவர் கடையில் கௌபாய் தொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்சீட்டிலிருந்த கொயர் மாஸ்டர் தாமஸ் ஒரு தடவையும் இறங்கவில்லை. வாட்சையே பார்த்தார்.

"ஆன்டி, இப்பதானே ஸ்டாப் பண்ணோம்? ரிஹர்சலுக்கு லேட் ஆயிடும்."

"என்ற பை சின்னதுங்க தம்பி. பெருசா வேணும்னா அடுத்த பிறவிக்குத்தான் அப்ளை பண்ணோணும்."

இருந்தாலும் தாமஸுக்காக அடுத்த எக்ஸிட்டை விட்டார். அதற்கடுத்ததையும் விட்டார். ஜெபராணி பாடிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டு, முழங்கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முன்னால் சாய்ந்தார்.

"வசந்தா, வண்டிய நிப்பாட்டும்மா. எனக்கு ஒண்ணுக்கு வருது."

தாமஸ் இருக்கும் வண்டியில். பிறகு கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல், "எனக்கும்" என்றது. பக்கத்திலிருந்து இன்னொரு "எனக்கும்."

தாமஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கும்தான் ஆன்டி. ரொம்ப நேரமா."

வண்டி குலுங்கச் சிரித்தோம். ஜெபராணியால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. "சிரிக்க வைக்காதீங்க, சிரிக்க வைக்காதீங்க" என்று கெஞ்சினார்.

எக்ஸிட் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. வசந்தாமணி அப்போதே இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார்.