சறுக்குக் களத்தில் மல்லாட்டை

எனக்கு எழுபத்தோரு வயசு. வளர்த்து ஆளாக்கினது ஏழு பேரு — அஞ்சு நான் பெத்தது, ரெண்டு என் நாத்தனார் விட்டுட்டுப் போனது. ஏழு பேரையும் நடக்க வெச்சிருக்கேன், ஓட வெச்சிருக்கேன். ஆனா காலுல சக்கரத்தைக் கட்டிக்கினு ஓடுற புள்ளைங்களை இந்த வயசுலதான் கிட்டத்துல பார்த்தேன்.

பத்திரிகையில வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவங்களுக்கு என் சமாசாரம் தெரியும். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சுமதி எழுதுறா. தப்பு இருந்தா அவளைத் திட்டுங்க. ருசி இருந்தா அது என்னுது.

போன வாரம் வீட்டுக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. பேரு ஸ்டெல்லா. விழுப்புரத்துல பொண்ணுங்க பள்ளிக்கூடம் ஒண்ணுல டிரில் டீச்சர்.

"உங்க பத்தியை விடாம படிக்கிறேங்கம்மா. ஒரு ஞாயம் கேட்டு வந்திருக்கேன்"னாங்க.

விஷயம் இதுதான். அந்த ஊர்ல பெரிய மனுஷங்க சேர்ந்து ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. புள்ளைங்க சக்கரம் கட்டிக்கினு சறுக்கி விளையாடட்டும்னு ஊருக்குப் பொதுவா ஒரு சிமெண்டுத் தரை போட்டுக் குடுத்தாங்க. ஸ்கேட்டிங்னு பேராம். டீச்சர் தன் பொண்ணுங்களை அங்கதான் பழக்குறாங்க. மல்லாட்டை — அதான், வேர்க்கடலை — புடுங்குற நேரம் வந்துச்சி. பார்த்தா... தரை பூரா மல்லாட்டை! சுத்துப்பட்டு ஜனம் கொண்டாந்து காயப் போட்டுடுச்சி.

சங்கத் தலைவர் வந்து பார்த்தாராம். "ஜனங்களுக்கு இதுதான் வேணும்னா இதுவே இருந்துட்டுப் போகட்டும். ஞாயித்துக்கிழமை வந்து முடிவு சொல்றேன்"னுட்டாராம்.

"அந்தத் தரை போச்சுன்னா என் பொண்ணுங்களுக்கு வேற இடமே கிடையாதுங்கம்மா. லாரி போற ரோட்டுலயா ஓட்ட முடியும்? நீங்க வந்து பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க."

பார்க்காம எழுதுறவ இல்லை நான். அதுவும் ஒண்ணை மட்டும் பார்த்தா போதுமா? ஒரு புடவை எடுக்கவே ரெண்டு கடை ஏறி இறங்குறோம். திண்டிவனத்துலயும் வேற யாரோ இதே மாதிரி கட்டியிருக்காங்கன்னு டீச்சரே சொன்னாங்க. சரி, முதல்ல அது. நான் இருக்கிறது விக்கிரவாண்டி பக்கம் — ரெண்டு ஊருக்கும் நடுவுல. சனிக்கிழமை சுமதியை இழுத்துக்கினு பஸ் ஏறிட்டேன்.

திண்டிவனத்துத் தரையை என்னன்னு சொல்றது? கண்ணாடி! முட்டை வடிவத்துல இழைச்சு வெச்ச மாதிரி இருக்குது. மேடு பள்ளம் ஒண்ணும் இல்லை. சுத்தி இடுப்பு ஒசரத்துக்குக் குழாய்க் கம்பி. விழப் போற புள்ளை எட்டிப் புடிச்சிக்கலாம். ஒரு பக்கம் படிப்படியா உட்கார இடம், மேல கூரை. கூட வந்த தாய்மாருங்க வெயில்ல நிக்க வேணாம். தண்ணிக்கு ஒரு குழாய். மரத்தைக்கூட தள்ளித்தான் வெச்சிருக்காங்க. வேப்பம்பழம் விழுந்து சக்கரம் வழுக்கக் கூடாது பாருங்க. ஏழு புள்ளை வளர்த்தவ கண்ணுக்கே குறை தெரியலை.

இல்லை, ஒண்ணு தெரிஞ்சுது. கேட்டுல பூட்டு.

போர்டைக் கூட்டிப் பார்த்தேன். ஸ்... கே... ட்டிங்... ரிங்க்... இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நம்ம பஸ்சு போயிடும். எதிர்ல டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"சாவி யாருகிட்டங்க இருக்கு?"

"சாவியா? யாராவது பெரிய மனுஷங்க வந்தா ஒருத்தர் வந்து தொறப்பாரு."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல பளபளன்னு இருக்கும். இங்கிருந்தே நல்லாத் தெரியுமே... உட்காருங்க, டீ போடுறேன்."

"உள்ள ஒரு ஆடுகூட மேயலையே?"

"போர்டைப் படிச்சிட்டுத் திரும்பிடுதுங்கம்மா."

டீ நல்லா இருந்துச்சி.

மறுநாள் விழுப்புரம். இங்கயும் ஒரு போர்டு, சிவப்புப் பெயிண்டுல. 'பொதுச் சறுக்குக் களம்'. நான் எழுத்துக் கூட்டுறவ இல்லையா? தெரிஞ்ச வார்த்தைதான் முதல்ல கண்ணுல படும். 'பொது' தெரிஞ்சுது. 'களம்' தெரிஞ்சுது. நடுவுல இருக்கிறதைக் கூட்டுறதுக்குள்ள காலுல மல்லாட்டை இடறுச்சி.

நம்ம பக்கத்துல களம்னா என்ன? நெல்லு அடிக்கிறது, கேப்பை காயப் போடுறது. பொதுக் களம்னு பெரிசா எழுதி வெச்சா ஜனம் மூட்டையைத் தூக்கிக்கினு வராம வேற என்ன பண்ணும்? சங்கத்துல யாரோ ஒருத்தருக்கு நல்ல தமிழ்ல எழுதணும்னு ஆசை வந்திருக்குது.

அதோட போச்சா? தரை போட்ட மேஸ்திரிகிட்டயும் களம்னுதான் சொல்லியிருக்காங்க. அவரும் களமாவே போட்டுட்டாரு! மழைத் தண்ணி ஓடுறதுக்கு ஈசானி மூலைக்கு நல்லா வாட்டம் குடுத்து, முழங்கால் ஒசரத்துக்குச் சுவரு கட்டி, தானியத்தைக் கூட்டித் தள்ள அந்த மூலையில ஒரு வாயும் விட்டிருக்காரு. வாய்க்கு அந்தாண்டை சாக்கடை. புடிச்சிக்கக் கம்பி கிடையாது. உட்கார நிழலு கிடையாது. தரையில சும்மா நின்னாலே காலு மூலைக்கு இழுக்குது.

டீச்சரோட பொண்ணுங்க பள்ளிக்கூடப் பாவாடையோட சுவத்து மேல வரிசையா உட்கார்ந்திருந்தாளுங்க. காலுல இரும்புச் சக்கரம், தோல் வாரு. ஓட்ட இடம்தான் இல்லை. நடுவுல கோலியனூர் பக்கத்து அஞ்சலைங்கற பொம்பளை மல்லாட்டையைக் காலால துழாவிக்கினு இருந்தா.

"ஏன் டீச்சரம்மா, நடக்கத்தான் ரெண்டு காலு இருக்குதே, அதுல சக்கரம் எதுக்கு? வண்டியில பூட்டப் போறீங்களா இவளுங்களை?"

"உன் மல்லாட்டைக்குத்தான் ரோடு இருக்குதே. ஊரே அங்கதான காயப் போடுது?"

"ரோட்டுல போட்டா லாரி ஏறுது. இங்க போட்டா நீங்க ஏறுறீங்க. லாரியே தேவலை... ஹாரனாவது அடிக்கும்."

பொண்ணுங்களே சிரிச்சிட்டாளுங்க. டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க. சிரிப்பு நின்னுடுச்சி.

தலைவர் ஸ்கூட்டர்ல வந்து இறங்கினாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அவசரம். "நீங்க பத்திரிகையில எழுதுறவங்களாமே. ரெண்டு தரையும் பார்த்திருக்கீங்க. இது எதுக்கு லாயக்குன்னு நீங்களே ஜல்தியா சொல்லுங்கம்மா, நான் ஒரு கல்யாணத்துக்குப் போகணும்."

டீச்சர் என் முகத்தையே பார்த்தாங்க. கூட்டிக்கினு வந்தவங்க அவங்கதான். அதுக்காக நான் கண்ணுல பட்டதை மாத்திச் சொல்ல முடியுமா?

"களமா பார்த்தா ஒரு குறையும் சொல்ல முடியாதுங்க. சறுக்குற தரையா பார்த்தா எதுவுமே சரியில்லை"ன்னேன்.

டீச்சர் முகம் செத்துப் போச்சு. அஞ்சலைக்கு வாயெல்லாம் பல்லு.

"அப்ப முடிஞ்சுது"ன்னு தலைவர் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினாரு.

"இருங்க ஐயா!" டீச்சர் ஸ்கூட்டருக்குக் குறுக்கே போய் நின்னாங்க. "அம்மா தரையைத்தான் பார்த்தாங்க. ஓட்டுறதைப் பார்க்கலை. அஞ்சலை, ஒரே ஒரு தடவை... கொஞ்சம் ஒதுக்கிக் குடு."

"மழையா வருது, நான் எதுக்கு ஒதுக்கணும்?" — வாயி அப்படிச் சொல்லுது, கை பலகையை எடுத்துத் தள்ள ஆரம்பிச்சிடுச்சி. "ஒரு காய் நசுங்கினாலும் இவளுங்கதான் குந்திப் பொறுக்கணும், சொல்லிட்டேன்."

தள்ளி முடிச்சிட்டு கூடையை இடுப்புல வெச்சிக்கினு அந்த மூலை வாயிலயே போய் நின்னுக்கினா. வேணும்னேதான்.

வளர்மதின்னு ஒரு ஒல்லிப் பொண்ணு. பாவாடையைத் தூக்கிச் சொருவிக்கினு மேட்டுல இருந்து கிளம்பினா. வாட்டம் இழுக்குது. சக்கரம் கடகடன்னு சத்தம் போடுது. நேரா மூலைக்கு! "ஏ... ஏ... வர்றாடி, வர்றாடி!"ன்னு அஞ்சலை கத்துறா, ஆனா நகரலை.

கிட்ட வந்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டினா பாருங்க. சக்கரம் கிறீச்சுன்னுது. நின்னுட்டா. பாவாடை மட்டும் அஞ்சலை கூடையில உரசுச்சி. ஒரு காய் உருளலை.

அஞ்சலைதான் முதல்ல வாயைத் தொறந்தா.

"இன்னொரு தபா வா."

டீச்சர் தலைவர் பக்கம் திரும்பினாங்க. "சமமான தரையில ஓடக் கத்துக்கலாம் ஐயா. இந்தத் தரையில நிக்கக் கத்துக்கிட்டாகணும். இல்லைன்னா சாக்கடைதான். முதல்ல எல்லாருமே விழுந்து எழுந்தவளுங்கதான்."

தலைவர் மனசு மாறிட்டாரு. "சரி, தரை பொண்ணுங்களுக்கே இருக்கட்டும். களம்னு எழுதினதாலதான இவ்வளவு குழப்பம்? போர்டை மாத்திடுறேன். திண்டிவனத்துல இருக்கிற மாதிரி ஸ்கேட்டிங் ரிங்க்னு போட்டுடலாம்."

"அதெப்படி? அப்படிப் போட்டா அடுத்த போகத்துக்கு எங்களை உள்ள விடுவீங்களா?" — அஞ்சலை.

நான் நேத்துப் பார்த்த பூட்டைச் சொன்னேன். கூட எதுவும் சேர்க்கலை.

டீச்சர் மல்லாட்டையைப் பார்த்தாங்க, போர்டைப் பார்த்தாங்க. "வேணாங்க ஐயா. களம்னே இருக்கட்டும். நாளைக்கு யாராவது பூட்டுப் போட்டா அஞ்சலை கூட்டம் சும்மா விடாது."

"நல்லாச் சொன்னீங்க டீச்சரம்மா!"

தலைவர் தலையில கை வெச்சிக்கினாரு. "என்னா பேஜாரு இது! ரெண்டு பேருக்கும் ஒரே போர்டுதான் வேணும்னா என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?"

கடைசியில முடிவு இப்படி: மல்லாட்டை காயிற வரைக்கும் பகல்ல அஞ்சலை கூட்டம், வெயில் தாழ்ந்ததும் ஓரமா குவிச்சிட்டு சக்கரம். மத்த மாசமெல்லாம் சக்கரம். "நடுவுல யாரு கூட்டிப் பெருக்குறது?"ன்னு தலைவர் கேட்டதுக்கு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினாங்க. அதை அவங்களே பார்த்துக்குவாங்க.

நான் சொன்னதை வாபஸ் வாங்கினேனான்னு கேட்பீங்க. எதுக்கு வாங்கணும்? அது களம்தான். மூலைக்கு ஒரு கம்பி போடுங்க, கூட வர்றவங்க குந்த ஒரு கொட்டகை போடுங்கன்னு தலைவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். ஆனா ஒண்ணு... பொதுன்னு எழுதினா மட்டும் ஒரு இடம் பொதுவா ஆயிடுதா? உள்ள நின்னு சண்டை போட ரெண்டு பேரு வேணும்.

போதும் சுமதி. எங்க, எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டு — நான் சொன்னதைப் படி, நீ திருத்தினதை இல்லை.