பதின்மூன்று வீட்டு அரிசி

எங்கள் வீட்டுச் சுவரில் படமாக இருக்கும் அருளாளர் இன்னும் புனிதராகவில்லை. அதற்கு முந்தைய படியான முத்திப்பேறு கிடைத்தாயிற்று; புனிதர் பட்டத்துக்கு இன்னும் ஒரு புதுமை, அதாவது அற்புதம், குறைகிறதாம். எங்கோ வெளிநாட்டு மடமொன்றில் நாற்பது வருடம் வாசற்கதவைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட துறவி அவர். திருச்சியிலிருந்து மாமா அந்தப் படத்தை வாங்கி வந்த நாள் முதல் அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெரிய புனிதர்களிடம் எப்போதும் கூட்டம், இவர் சும்மாதான் இருப்பார், சொன்னால் காது கொடுத்துக் கேட்பார் என்பது அவள் எண்ணம்.

எனக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். பிள்ளை பிழைத்தால் அருளாளரைப் போல அங்கி உடுத்தி, பதின்மூன்று வீட்டில் அரிசி வாங்கி, சோறாக்கி வாசலில் வைத்துப் போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். பிழைத்துவிட்டேன். முடி கொட்டிய தலை, பழுப்பு அங்கி, இடுப்பில் மூன்று முடிச்சுக் கயிறு என்று கண்ணாடியில் பார்த்தபோது நான் பெண்பிள்ளை என்பது எனக்கே மறந்துபோனது.

"நம்ம தெருவிலயே பதிமூணு வூடு. தெருவைத் தாண்டக் கூடாது, இப்பத்தான் காய்ச்சல் வுட்டிருக்கு" என்றாள் அம்மா.

"கடைசி வூட்டுக்கு மட்டும் போவக் கூடாது" என்றார் அப்பா.

கடைசி வீடு சித்தப்பாவுடையது. வரப்போரத்து முந்திரி மரம் யாருக்கு என்ற சண்டையில் அண்ணன் தம்பிக்குள் மூன்று வருடமாகப் பேச்சில்லை. அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூடத் தன் தொண்டையில் இறங்காது என்று அப்பா நடுத்தெருவில் நின்று சொல்லியிருந்தார்.

வீடு வீடாகப் போனேன். அங்கியைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, கும்பிட்டவர்களும் உண்டு. விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். சித்தப்பா வீட்டை விட்டால் பன்னிரண்டோடு தெரு முடிந்துவிட்டது. மறுபடி எண்ணினாலும் பன்னிரண்டுதான். ஒரு வீடு குறைந்தால் காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி ஊசியா, அப்பாவின் அடியா என்று பார்த்தால் அடியே தேவலாம் என்று பட்டது. கடைசி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சித்தப்பா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எப்புடி இளைச்சுட்ட பாப்பா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன், உள்ளார வரத்தான் கால் வரல."

உள்ளே போய் ஒரு மரக்கால் அரிசியைக் கொண்டுவந்து பையில் கொட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம், காய்ச்சல் இனி வராது.

பையின் கனத்தைப் பார்த்ததுமே அப்பாவுக்கு விளங்கிவிட்டது. நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"எது உங்க தம்பி போட்ட அரிசின்னு பிரிச்சுக் குடுங்க. அதை மட்டும் ஒதுக்கி வச்சிட்டு ஒலை வைக்கிறேன்" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அப்பா உண்மையாகவே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய பொன்னி அரிசி. கொஞ்ச நேரம் கிளறிப் பார்த்துவிட்டு முறத்தை அம்மாவிடமே தந்துவிட்டார்.

மதியம் வாசலில் பந்தி போட்டோம். முந்திரி பொறுக்க வந்தவர்கள், அரிசி போட்டவர்கள், தெருப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா வேலிப் படல் வரைக்கும் வந்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரி வாசலிலும் இப்படித்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது. படல் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அப்பா எழுந்து போய் அதை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தார்.

"வாடா, சோறு ஆறுது."

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நிறையச் சாப்பிட்டார்கள்.

அது அருளாளர் செய்த புதுமை என்று ரொம்ப வருடம் நம்பினேன். ரோமுக்கு எழுதிப் போட வேண்டும் என்றுகூட மாமாவை நச்சரித்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் தோறும் எங்கள் தெருவுக்குப் பலகாரத் தட்டு எடுத்து வைப்பது அம்மாதான் என்பதும், சண்டைக்குப் பிறகு மூன்று வருடமும் சித்தப்பா வீட்டை விட்டுவிட்டு அவள் சரியாகப் பன்னிரண்டு தட்டுதான் வைத்தாள் என்பதும் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.