சரிவராத துவக்கு

இங்கே நிற்பவர்கள் மூன்று பேர்: நான், நோர்பரியில் என்னைத் தன் வீட்டில் வைத்திருக்கும் சிவா அண்ணை, இந்த லண்டன் நூதனசாலையின் வயதான காவலர்.

இரண்டு மணிக்குக் குரோய்டனில் என் விசா அலுவல். பிந்திவிடுமோ என்ற பயத்தில் காலை எட்டுக்கே அண்ணையைக் கிளப்பியவன் நான்தான். நேரம் மிஞ்சிவிட்டதென்று அவர் என்னை இங்கே இழுத்து வந்துவிட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய துவக்கு. காவலர் அரை மணித்தியாலமாக அதன் சரித்திரத்தை ஆங்கிலத்தில் சொல்கிறார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னவாம் அண்ணை?"

"பிரிட்டிஷ் பட்டாளத்துக்கெண்டு மாதிரிக்குச் செய்து பார்த்ததாம். பின்பக்கத்தாலை குண்டு போடுறது. வெடிச்சா, புகை சுட்டவன்ரை மூஞ்சியிலைதான் அடிச்சிருக்கு. பட்டாளம் வேண்டாமெண்டிட்டுதாம்."

"சரிவராத துவக்குக்கு அரை மணித்தியாலக் கதையோ? நேரம் ஒரு மணியாகுது, வாங்கோ!"

"மனிசன் ஆசையாச் சொல்லுறார். இடையிலை வெட்டேலாது."

பொறுக்க முடியாமல் காவலரைப் பார்த்து என் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறேன். அவர் முகம் மலர்கிறது. இது எந்தக் காலத்துத் துவக்கு என்று நான் கேட்பதாக நினைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "துவக்கின்ரை துவக்கத்தைக் கேட்டது நீதானே? இனி நில்லு."