பச்சைப் பெட்டியில் அறுபத்து நான்கு பேர்

எங்கள் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில், புள்ளிவிவரப் பிரிவு என்று ஒரு பலகை தொங்கும். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், திறக்க வராத ஒரு ஜன்னல், அவள், நான். அவள் கணக்குப் பார்ப்பவள், நான் தட்டச்சு செய்பவள். கீழே இருக்கும் நர்சுகள் அவளுக்கு மரத்தக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். சொந்தத் தம்பியை வீட்டுக்கு அனுப்பச் சொன்ன தாளில் கையெழுத்துப் போட்டவள் அவள். அந்தத் தாளை அச்சடித்தவள் நான். கடைசிவரை ஒளித்து வைத்துக் கதை சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்குப் பதினேழு, தம்பிக்குப் பதினொன்று. அதற்கப்புறம் அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சே எழவில்லை, எழுப்ப ஆளும் இல்லை. தம்பியை டாக்டராக்க வேண்டும் என்று தலைகீழாக நின்றாள். அவன் படிக்காமல் பஸ் ஓட்டப் போனான். "டாக்டர் ஆயிருந்தா ஒரு ஆளத்தான் ஒரு நேரத்துல பாக்க முடியும். இப்ப அறுபது பேரு உசுரு என் கையில," என்று அவளையே கிண்டல் செய்வான். அவளுக்குச் சிரிப்பு வரும், வந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டாள். அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாற்பது வயதில் அவனுக்குச் சர்க்கரை வந்தது. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் மிட்டாய் டப்பா வைத்திருக்கிறான் என்று கண்டக்டர் போட்டுக்கொடுத்த அன்று வீட்டில் நடந்த சண்டையை எனக்கு ஒரு வாரம் சொன்னாள்.

மரத்தக்கா என்ற பேர் வந்ததற்குக் காரணம் பெரிய டாக்டர்தான். நெஞ்சுவலி என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்கக் கட்டில் இல்லை. யாரைப் படுக்க வைப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று டியூட்டியில் இருப்பவர்கள் தினமும் அடித்துக்கொண்டார்கள். பழைய ஃபைல்களை வைத்து ஒரு வழி சொல்லுங்கள் என்று பெரிய டாக்டர் இவளிடம் கேட்டார். மூன்று வருஷத்தில் வந்த இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேருடைய விவரத்தையும் நான் ஒவ்வொன்றாக ஏற்றினேன். வயது, ஈசிஜி, சர்க்கரை, ரத்த அழுத்தம், முப்பது நாளில் என்ன ஆயிற்று என்பதுவரை. மாரடைப்பு வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து நூற்று நாற்பத்து மூன்று பேர்.

அவள் பொத்தானை அழுத்தியதும் திரையில் மரம் வந்தது. வேர் மேலே, இலை கீழே. "இது என்னக்கா, சிரசாசனம் பண்ற மரம்?" என்றேன். அவள் எனக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன், திட்டித் திட்டிப் புரியவைத்தாள். உச்சிப் பெட்டியில் எல்லோரும் இருக்கிறார்கள். ஈசிஜி சரியில்லாதவர்கள் ஒரு கிளை, சரியாக இருப்பவர்கள் ஒரு கிளை. சரியானவர்களில் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பக்கம், கீழ் ஒரு பக்கம். கீழ்ப்பக்கத்தில் சர்க்கரை உள்ளவர், இல்லாதவர். இப்படியே பிரிந்து கடைசிப் பெட்டிக்கு வந்தால், அந்தப் பெட்டியில் யார் அதிகமோ அவர்கள் நிறத்தை மென்பொருள் பூசிவிடும். நன்றாக இருந்தவர்கள் அதிகம் என்றால் பச்சை, வீட்டுக்குப் போகலாம்; இல்லாவிட்டால் சிவப்பு, கட்டில் வேண்டும்.

ஈசிஜி சரி, ஐம்பதுக்குள் வயது, சர்க்கரை உண்டு. இந்தப் பெட்டியில் அறுபத்து நான்கு பேர் இருந்தார்கள். முப்பத்தேழு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, இருபத்தேழு பேருக்கு ஆனது. நிறம் பச்சை.

அவள் அந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். மரத்துக்குக் கீழே ஒரு அட்டவணை வந்திருந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரி என்று. நான் கை தட்டினேன். "கை தட்டாதடி. எல்லாரையும் கண்ண மூடிட்டு வீட்டுக்கு அனுப்பினாலே தொண்ணூத்து மூணு சரியா வரும். ஆபத்துங்கற வரியப் படி," என்றாள். படித்தேன். நூற்று நாற்பத்து மூன்று பேரில் அறுபத்தொரு பேரைத்தான் மரம் பிடித்திருந்தது. எண்பத்திரண்டு பேரை வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தது.

மறுநாளே இன்னொரு மரம் போட்டாள். ஆபத்தானவரைத் தவறவிட்டால் அதைப் பத்துத் தவறாக எண்ணு என்று மென்பொருளுக்குச் சொல்லிப் போட்ட மரம். அதில் அந்த அறுபத்து நான்கு பேர் பெட்டி சிவப்பாகிவிட்டது. ஆனால் மாதம் பதினைந்து கட்டில் கூடுதலாக வேண்டும். இரண்டு மரத்தையும் எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனோம். அவர் இரண்டாவதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பதினஞ்சு கட்டில உங்க மரத்துலயே காய்க்க வைங்கம்மா," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு முதல் தாளை அவள் பக்கம் நகர்த்தி, "தொண்ணூத்து நாலு போதும். ஒண்ணுமே இல்லாம அடிச்சுக்கறதுக்கு இது மேல். கையெழுத்துப் போடுங்க," என்றார்.

அவள் போட்டாள். ஏன் போட்டாள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அந்த அறையில் பதினோரு பேர் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றபோது நானும் நின்றேன், நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். "பெட்டிக்குள்ள எண்ணிக்கை இருக்கட்டும் சார். பாக்கறவங்க யோசிப்பாங்க." அவர் தலையாட்டினார். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எண்ணெல்லாம் ஜனங்களைக் குழப்பும், நிறமும் முடிவும் போதும் என்றார். நான் எண்களை அழித்து, அவள் கையெழுத்தை ஸ்கேன் செய்து கீழே ஒட்டி, மறுபடி அச்சடித்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், அன்றைக்கு எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. உண்மைக் காரணம் அவ்வளவுதான், அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

தாள் அவசரப் பிரிவுச் சுவரில் ஏறியது. மூன்று மாதம் எல்லோருக்கும் நிம்மதி.

நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும், அவள் தம்பி எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். நான்கு மாடியையும் படியேறி வந்திருந்தான். யூனிஃபார்ம் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு சீட்டு.

"அக்கா, வண்டியில நெஞ்சு கொஞ்சம் புடிச்சுது. கண்டக்டர் விடல, இங்க கொண்டாந்து விட்டான். பாத்துட்டாங்க. ஒண்ணுமில்ல, உன் மரமே என்னை வீட்டுக்குப் போகச் சொல்லுது," என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "ஈசிஜி?"

"சுத்தமா இருக்காம்."

"சர்க்கரை இருக்குன்னு சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? நர்சம்மா வெரல வச்சு கோடு கோடா எறங்குச்சு. பச்சையில வந்து நின்னுது."

அவள் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது கவிழ்ந்தது. அவனைக் கையைப் பிடித்து லிஃப்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கீழே ஒரு கட்டில்தான் காலியாக இருந்தது. ஈசிஜி கோணலாக வந்த ஒரு பெரியவரை அதில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டியூட்டி டாக்டர் நல்ல பையன், சின்ன வயசு, ராத்திரி முழுக்க நின்று கண் சிவந்திருந்தது.

"டாக்டர், இவனப் படுக்க வைங்க. ரத்தமும் எடுத்துப் பாருங்க," என்றாள்.

"அக்கா, தம்பி பச்சையில வர்றாரு."

"அந்தப் பச்சையில அறுபத்து நாலு பேரு. அதுல இருபத்தேழு பேருக்கு வந்துருக்கு. கிட்டத்தட்ட பாதி!"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் இதுல போடலையே. கீழ உங்க கையெழுத்துத்தானே அக்கா? இத வச்சு எத்தன பேர அனுப்பியிருக்கோம். உங்க தம்பிங்கறதுக்காக அந்தப் பெரியவர எறக்கச் சொல்றீங்களா?"

அவள் தாளைப் பார்த்தாள். வெறும் நிறம். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான்.

பெரியவரை இறக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தம்பியே, "விடுக்கா, மானத்த வாங்காத, நான் பெஞ்சில உக்காந்துக்கறேன்," என்றான். உட்கார்ந்தான். அவள் கெஞ்சியதில் ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவன் பஸ்ஸை யார் டிப்போவில் விட்டிருப்பார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். நாற்பது நிமிஷத்தில் பேச்சை நிறுத்தி அவள் தோளில் சாய்ந்தான். தூங்குகிறான் என்று நான் நினைத்தேன். அவள் நினைக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள், தரையிலேயே கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள். பிரயோசனமில்லை.

வீட்டில் அவன் மனைவி அவள் மடியில் விழுந்து, "நீங்க அங்கயே இருந்தும் இப்படி ஆயிடுச்சே அண்ணி," என்று அழுதாள். "நான் இருந்ததாலதாம்மா," என்றாள் இவள். துக்கத்தில் உளறுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் வேலைக்கு வந்தாள். வந்ததும் நேரே பெரிய டாக்டரிடம் போய்த் தாளைக் கழற்றச் சொன்னாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். "ஒரு ஆள வச்சு நான் மாத்த முடியாதும்மா. உங்களுக்குத் தெரியாததா? கணக்கு மாறியிருந்தா கொண்டாங்க, அன்னைக்கே கழட்டறேன்," என்றார்.

மேலே வந்து என்னிடம், "அவன ஏத்து," என்றாள். நான் கையைப் பிசைந்தேன். அவளே சொல்லச் சொல்ல அடித்தேன். வயது நாற்பத்தாறு. ஈசிஜி சரி. சர்க்கரை உண்டு. கடைசிக் கட்டம் என்ன ஆயிற்று என்பது, ஒன்றும் ஆகாதவருக்குச் சைபர், ஆனவருக்கு ஒன்று; அங்கே என் விரல் நின்றது. அவள் குனிந்து அந்த ஒன்று என்ற எண்ணைத் தானே தட்டினாள்.

மரம் மறுபடியும் வந்தது. கிளைகள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்தப் பெட்டியில் இப்போது அறுபத்தைந்து பேர், அதில் இருபத்தெட்டு. பச்சை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணை அழித்தது நான்தான், அக்கா, நான்தான் என்று அவள் காலைப் பிடித்தேன். தெரியும் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பெரிய டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

அவள் திரையில் முப்பத்தேழையும் இருபத்தெட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் பத்து பேரு செத்தாத்தான் நெறம் மாறும்னு சொல்லு," என்றாள்.