கிளம்பும்போது கேட்கக் கூடாத கேள்வி

என் வாய்க்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. திருவரங்குளம் பக்கத்தில் அண்ணனும் நானும் கூட்டாக நடத்துகிற முந்திரிக் குடோனில், பருப்பை எப்படித் தரம் பார்ப்பது, சொத்தையை எப்படிக் கழிப்பது என்று செல்போனில் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்ததும் அந்தப் பெயர் வெளியூருக்கும் போனது. பின்னால் நின்று அண்ணன் யாரையாவது திட்டுவதும் அந்த வீடியோக்களில் விழும். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆக, என் குரல் வேண்டிய மட்டும் கொட்டிக் கிடந்தது. யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று ஆவூரில் ஒரு கல்யாணம். அண்ணனும் நானும் போயிருந்தோம். மாதா கோயிலுக்குள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுப் பூசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், குடோன் பொறுப்பைப் பார்க்கிற பெண்ணுக்கு என் குரலில் ஒரு போன் போயிருக்கிறது.

"ஏம்மா, நாந்தான். என் போன்ல சார்ஜ் இல்ல, இது டிரைவர் போன். இப்ப ஒரு லாரி வரும். மதுரைக்குக் கட்டி வச்சிருக்க பருப்பு டின்னெல்லாம் அதுல ஏத்தி விட்ரு. நான் கெளம்பிட்டேன், வண்டில ஏறப் போறேன்."

சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "மழைக்கு முன்னாடி ஏத்தி விட்டாச்சுக்கா," என்று சிரித்தாள். எதை என்று கேட்டேன். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதற்குப் பிறகு வெகு நாள் அவள் முகத்தில் அதை நான் பார்க்கவில்லை.

நல்லவேளை, அவள் போனில் பேச்செல்லாம் தானாகப் பதிவாகும். மூன்று பேரும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கேட்டோம். பேசும் முன் நான் செருமுகிற செருமல், 'ஏம்மா'வை இழுக்கிற இழுப்பு, ஒன்று விடாமல் இருந்தது. கோயிலில் இருந்திருக்காவிட்டால் நானே நான்தான் பேசினேன் என்று ஒப்புக்கொண்டிருப்பேன். என் சேலையைக் கட்டிக்கொண்டு வேறொருத்தி என் வீட்டுக்குள் நடமாடியதுபோல் உடம்பு கூசியது.

அண்ணனுக்குக் கூச்சம் இல்லை, கோபம்தான். "கெளம்பிட்டேன்னு சொன்னப்ப, எங்க போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்ருந்தா மாட்டிருப்பான்ல? ஆவூர்ல கல்யாணத்துல இருக்கோம்னு ஒனக்குத் தெரியும்ல? ஏன் கேக்கல?"

அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கெளம்புற ஆளப் போயி எங்கன்னு எப்படிண்ணே கேக்குறது?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. வாசல்படி இறங்குகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேட்டே ஆக வேண்டுமென்றால், "தூரமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அதிலும் எங்கள் அண்ணன் இருக்கிறாரே, சகுனத்துக்கென்றே பிறந்தவர். ஒருமுறை வியாபாரம் பேசத் தஞ்சாவூர் கிளம்பியவரைப் பால்காரர் தெரியாத்தனமாக எங்கே என்று கேட்டுவிட்டார். அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மதியம் வரை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குள் தஞ்சாவூர்க்காரர் வேறு இடத்தில் சரக்கு எடுத்துவிட்டார். அதற்கும் பால்காரருக்குத்தான் திட்டு. குடோனில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவர்தான். அவர் சொன்னதைத் தலையில் வைத்து நடந்தவளைத்தான் இப்போது ஏன் கேட்கவில்லை என்கிறார்.

"இவ இனிமே வேணாம்," என்றார் அண்ணன். ஊர் அதற்குள் முடிவே கட்டிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று டீக்கடையில் பேச்சு. கூடவே உட்கார்ந்து கொட்டை உடைத்த பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். என்னிடம் வந்து அழுதாள். "வேலை போனாப் போகட்டும்க்கா. திருடிங்கிற பேரோட இந்த ரோட்டுல நான் எப்படி நடப்பேன்?"

என் குரலால் போன பெயரை என் வாயாலேயே திரும்ப வாங்கித் தராமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். போலீசில் புகார் கொடுத்தோம். ஏஐயை வைத்துக் குரலைச் செய்திருக்கிறார்கள், கொஞ்சம் வீடியோ கிடைத்தால் போதும், பெரிய கம்பெனிக்காரர்களே ஏமாறுகிறார்கள் என்றார் அங்கிருந்த அதிகாரி. அவர் சொன்னதை நான் ஊரெல்லாம் சொன்னேன். கொட்டை உடைக்கிற பெண்களை உட்கார வைத்து, அந்தப் பதிவையும் நான் நிஜமாகப் பேசிய ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது நான் என்று கேட்டேன். எல்லாரும் தடுமாறினார்கள். ஒருத்தி மட்டும் சரியாகச் சொன்னாள். எப்படி என்று கேட்டதற்கு, "நீங்க இம்புட்டுத் தன்மையாப் பேச மாட்டீங்களேக்கா," என்றாள். சிரிப்பு அடங்கியதும், அழுதவள் பக்கத்தில் ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணன் மட்டும் மசியவில்லை. "அவ போனா நானும் போறேன். பங்கப் பிரிங்க," என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னொரு தடவ இப்படி நடந்தா அப்பறம் என்கிட்ட வராத," என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு தடவை நடக்கக் கூடாது என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சரக்கைப் பற்றி யார் போன் செய்தாலும், அது நானோ அண்ணனோ, முதலில் "எங்க போறீங்க?" என்று கேட்க வேண்டும். பதிலுக்கு ஓர் ஊரின் பெயர் வைத்தோம். எங்களில் ஒருவரும் போயிராத ஊர். அதை இங்கே எழுதுகிற அளவுக்கு நான் வாயாடி இல்லை. அபசகுனம் என்று அண்ணன் முனகினார். லாரி போனதைவிடவா என்றேன். அவளுக்குத்தான் நாக்கு எழவில்லை. பழகட்டும் என்று நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் அவளைக் கேட்க வைத்தேன். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கேட்பாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள். அண்ணன் காலையிலேயே புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். களத்தில் கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது, தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள். அண்ணன் குரல். லாரி வருகிறது, ஏற்றி விடு, நான் கிளம்பிவிட்டேன் என்றது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள். "எங்கண்ணே போறீங்க?"

"கெளம்பும்போது எங்கன்னு கேக்குறியே, அறிவிருக்கா ஒனக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனேதான். அதே எரிச்சல், அதே வார்த்தை. நாங்கள் பேசி வைத்ததைக் கோபத்தில் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். நிஜமாகவே அவராக இருந்தால் இன்றோடு இவள் வேலை போயிற்று. அவளுக்கும் அது தெரியும். வேண்டாம், விட்டுவிடு என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் போனை வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"திட்டினாலும் பரவாயில்லண்ணே. எங்க போறீங்கன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் டின்னு நகரும்."

லைன் துண்டிக்கப்பட்டது. அண்ணன் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அவள் களத்து ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணனின் மோட்டார் சைக்கிள் உள்ளே வரும்வரை நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. பதிவைப் போட்டுக் காட்டினோம். தன் குரல் ஒருத்தியைத் திட்டுவதை நின்றபடியே கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். "இப்படியா பேசுறேன் நான்?" என்று என்னிடம் கேட்டார். இதைவிட மோசமாக என்றேன். உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

மறுநாள் காலை மதுரைக்குக் கிளம்பினார். வண்டியை ஸ்டார்ட் செய்தவர் கேட்டைத் தாண்டவில்லை. அவள் வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். எதையோ மறந்துவிட்டார் போல என்று நான் வெளியே வந்து பார்த்தேன்.

"என்னத்தா, பேசாம நிக்கிற?" என்றார் அவளைப் பார்த்து. "கேளு. நேரமாச்சு, கெளம்பணும்ல."