யார் யார் பார்க்கலாம்

சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதற்கு, அருவிக்கடியில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். அவ்வளவு இரைச்சல். அந்தச் சனிக்கிழமை ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். முதலாளி அண்ணாச்சிக்கு மொத்தம் மூன்று லாட்ஜ். மூன்றுக்கும் சேர்த்து அறை பதிவு செய்யும் இணையதளத்தைத் தென்காசியில் என் வீட்டு மாடியிலிருந்து எழுதிக் கொடுத்தவன் நான்.

யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்துவிடுவோம் என ஆரம்பத்திலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன். "எல்லாரும் நம்ம ஆளுதாம்ல. எல்லாருக்கும் எல்லாம் தெரியட்டும்" என்றுவிட்டார் அண்ணாச்சி. சீசனில் ஒரு வேன் ஜனம் வந்தால் ஒரே லாட்ஜில் இடம் கிடைக்காது. மாமா ஒரு லாட்ஜ், மச்சான் வேறொரு லாட்ஜ். "எங்க ஆளுவ எங்க இருக்காவ?" என்று வந்து நிற்பவருக்குப் பெயரைத் தட்டி அறை எண் சொல்வது எங்கள் ஊர் உபசாரம். அதனால் மூன்று லாட்ஜுக்கும் ஒரே லாகின், அண்ணாச்சியுடையது. பாஸ்வேர்டு சமையல்கட்டு வரை தெரியும். இப்போதுதான் ஒருவழியாக மனம் இரங்கி, ஆளுக்கொரு லாகின் போட என்னை வரச் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. கவுண்டர் அக்கா எடுத்தார். பேரருவிப் பக்கத்து லாட்ஜ் பையன் கத்திப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, ஒருத்தரு பொண்டாட்டி புள்ளயத் தேடிட்டு வந்திருக்காரு. உங்க லாட்ஜுல இருக்காவளான்னு பாருங்க."

பெயரைச் சொன்னான். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"இங்கன இல்லையேப்பா."

"சரிக்கா, இங்க கூட்டமா இருக்கு. வரிசையில நிக்கவுகள அனுப்பிட்டு சிஸ்டத்துல நானே தேடிப் பாக்கேன்."

அக்கா போனை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தார். "தம்பி, மாடியிலதான் இருக்கா. கையெல்லாம் காயத்தோட நேத்து புள்ளயக் கூட்டிட்டு வந்தா. யாருகிட்டயும் சொல்லாதிய, கொன்னுருவாருன்னு அழுதா. அந்தப் பையன் தேடுனா அங்க தெரியுமா?"

"தெரியும்."

"பேர அழிச்சிரு."

அழிக்க முடியாது, போலீஸ் வந்து பதிவைக் கேட்டால் அக்காதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தேடுவதை நிறுத்தலாம். முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். அது போதாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும்வரை உள்ளேதான் இருப்பார்கள், அந்தப் பையனும் காலையிலிருந்து உள்ளே இருக்கிறான். எல்லோரையும் வெளியே தள்ள வேண்டும். சனிக்கிழமை, சாரல் விழும் சீசன், மூன்று கவுண்டரிலும் வரிசை. இருந்தாலும் தள்ளிவிட்டேன்.

அக்காவின் திரையே லாகின் கேட்டு நின்றது. வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பையன் மறுபடி கூப்பிட்டு, சிஸ்டம் வெளிய தள்ளிட்டுக்கா, ஒண்ணும் பாக்க முடியல என்றான். அந்த ஆள் இன்னும் அங்கேதான் நிற்கிறாராம். அடுத்தது அண்ணாச்சி, என் போனில்.

"ஏலே, யாரக் கேட்டுல நிறுத்துன? அந்த மனுசன் எனக்குப் போன் போட்டு அழுதாரு. பாவம், பொண்டாட்டி கோவிச்சிட்டு வந்திருக்கா. எனக்கு மட்டும் தொறந்து வுடு, நான் பாத்துச் சொல்லுதேன்."

"முடியாது அண்ணாச்சி."

"என் லாட்ஜுல எனக்கு முடியாதா?"

கட் செய்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால், பொய் சொல்லக்கூடாது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதற்குள் அக்கா மாடிக்குப் போய் அந்தப் பெண்ணைப் பின்படி வழியாக அழைத்து வந்திருந்தார். அவள் புடவையைப் பிடித்தபடி ஒரு சிறுமி, ஈரத் தலையோடு. நடந்ததை நான் சொன்னேன், இனி பயப்பட வேண்டாம் என்ற தோரணையில்.

"இப்ப எங்க பேர யாராலயும் பாக்க முடியாதா?"

"என்னால மட்டுந்தான் முடியும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பேரருவிப் பக்கம் நிற்கும் அந்த ஆளையும் அவள் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. மேசையில் என் போன் மறுபடி அடித்தது, அண்ணாச்சிதான். அவள் அதைப் பார்த்தாள்.

"உங்கள வந்து கேட்டா?"

சொல்லமாட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. நம்புவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? யாரென்றே தெரியாத ஒரு ஆம்பளை. அவள் அறைச் சாவியைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். அக்கா வெளியே போய்த் தெரிந்த ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டு, டிரைவரின் காதில் ஏதோ ஊரைச் சொன்னார்.

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது ஒன்றுதான் அன்று நான் அவளுக்குச் செய்த உருப்படியான காரியம்.